அக்காவின் க்ளோஸ் மெத்தட்

"அக்கா, உன் க்ளோஸ் மெத்தடை நான் மாத்தி எழுதப் போறேன்."

தங்கை இதைச் சொன்னபோது அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இணையப் பக்கத்தின் உறுப்புகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதும் அலுவலகம் அது. திரையில் திறந்து மூடும் பெட்டிக்கு ஒன்பது வருடங்களுக்கு முன் விதி எழுதியவள் அக்கா. அதில் மூடுவதற்கான விதிதான் க்ளோஸ் மெத்தட்: க்ளோஸ் என்றால் பெட்டி மூடும், உள்ளே எழுதியதும் அழியும். பொதுக் கணினியில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதென்று மண்டையை உடைத்துக்கொண்டு சேர்த்த வரி. அந்தப் பெட்டியை அடிப்படையாக வைத்து உருவாக்குகிற எல்லாப் பெட்டிகளுக்கும் அந்தக் குணம் தானாக வந்துவிடும். கடிதம் எழுதுவதற்கென்று தங்கை இப்போது உருவாக்கும் பெட்டிக்கும் வந்திருந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒற்றை விரலால் தட்டுகிறவர், புதுப் பெட்டிகளைப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லும் பரிசோதகர், போன வாரம் அதில் நாற்பது நிமிடம் கடிதம் எழுதினார். விரல் நடுங்கி மூடும் விசையில் பட்டதும் பெட்டி மூடிக்கொண்டது. திறந்தால் வெறும் வெள்ளை. "பரவாயில்லம்மா, திரும்ப அடிக்கிறேன்" என்றார். அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் எழுதினது தப்புங்கிறியா?"

"தப்புன்னு யாரு சொன்னா? உன் பெட்டியில நான் கை வைக்கல. எத்தனையோ பேர் அதை நம்பி வேலை பண்றாங்க. என்னோடதுக்கு மட்டும் வேற மாதிரி. மூடினாலும் எழுதினது இருக்கும். அழிக்கணுமான்னு கேட்டுட்டுத்தான் அழிக்கும்."

புது விதிக்கு அனுபவமுள்ள ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அக்காவை விட்டு, விதிகளைச் சரிபார்க்கும் வேறொருவரிடமும் போகலாம்தான். அவளைத் தாண்டிப் போக தங்கைக்கு மனம் வரவில்லை.

அக்கா எழுந்து பரிசோதகரின் அறைக்குப் போனாள். மறுபடியும் அழிந்துபோய், அவர் மூன்றாம் முறையாக அதே கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார்?"

"பொண்ணுக்கும்மா. போன்ல பேசினா எனக்கு நாக்கு குழறுது. அவ புரிஞ்ச மாதிரியே 'ம்', 'ம்'ங்கிறா. பாவம்."

அக்கா திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பழைய விதி இங்க செல்லாதுன்னு மட்டும் எழுதி விட்டுடாதடி. ஏன்னும் எழுது. இல்லேன்னா பின்னால வர்றவங்க ஏதோ தப்புன்னு நினைச்சுப் பழையபடி மாத்திடுவாங்க."

"என்னன்னு எழுதட்டும்?"

அக்கா பரிசோதகரின் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், அடுத்த எழுத்தைத் தேடி ஒரு விரல் விசைப்பலகையின் மேல் மெல்ல அலைந்துகொண்டிருந்தது.