மருமகன் ஊரில் நெட் இல்லை

மகள் சௌமியாவை ஜெர்மனியில் கட்டிக்கொடுத்ததிலிருந்து ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டெய்ரி ஃபார்ம் என்ற அந்தத் தீவுக் குடியிருப்பில் எவர் வீட்டில் எது கெட்டாலும், பம்பு ஆகட்டும் பல் ஆகட்டும், "ஜெர்மனியில இப்படியெல்லாம் நடக்காதுடே" என்பார். போய்ப் பார்த்தாரா என்றால் இல்லை.

இன்று பேத்திக்குப் பெயர் வைக்கும் நாள். தாத்தா மூன்று முறை காதில் சொன்னால்தான் அது பெயர் என்று சௌமியா அடித்துச் சொல்லிவிட்டாள். மனுஷன் பூரித்துப்போய்த் தெருவையே கூப்பிட்டு, பெரிய டிவி முன்னால் உட்கார வைத்து, கேசரியும் கொடுத்தார். டிவியில் குழந்தை தெரிந்தது. கொட்டாவி விட வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

வெகுநேரம் பார்த்தார்கள். மூடவில்லை. ஆவுடையப்பன் பின்வரிசையில் கேசரி தின்றுகொண்டிருந்த நாகராஜைத் திரும்பி முறைத்தார். தெருவுக்கே நெட் வயர் இழுத்தவன் அவன்தான்.

"என்ன வயர்டே இழுத்த? எம் மானம் போகுது."

நாகராஜ் எழுந்து வந்து டிவியில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். தங்குதடையில்லாமல் ஓடியது. "நம்ம சைடு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. சென்னையிலருந்து கடலுக்கடியில வந்த கேபிளு. கோளாறு அந்தப் பக்கம்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி சின்னம்மா, "ஜெர்மனியிலயா?" என்று கேட்டாள். கேட்ட தினுசில் தெருவே சிரித்தது.

அதற்குள் போன் அடித்தது. சௌமியா.

"அப்பா, இங்க நெட் போயிருச்சு. இந்தக் கிராமத்துல எந்தக் காலத்துலயோ போட்ட செம்புக் கம்பி. மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷமாச்சு. ரோட்டைத் தோண்ட இன்னும் பர்மிஷன் வரலையாம். போன்ல பேசத்தான் முடியும்."

ஆவுடையப்பனுக்கு உலகமே வெறுத்துவிட்டது. நாகராஜுக்கே பாவமாக இருந்தது.

"அவங்களுக்கு எல்லாம் எப்பவோ வந்திருச்சு அண்ணாச்சி. ஓடுற கம்பிய எவன் பிடுங்குவான்? நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல, அதான் நேரா புதுசு வந்திருச்சு. விடுங்க, பேரு காதுலதான சொல்லணும், படம் எதுக்கு?"

அது நியாயம். பாட்டை நிறுத்தினார்கள். போனைக் குழந்தையின் காதில் வைத்துவிட்டதாகச் சௌமியா சொன்னாள். கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. ஆவுடையப்பன் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"பானி ஆ கயா" என்று எதிர்வீட்டு வங்காளி அம்மா தெருவிலிருந்து இந்தியில் கத்தினாள். தண்ணீர் வந்துவிட்டதாம்.

ரெண்டு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் சரிந்தன. கேசரித் தட்டுகள் உருண்டன. நாகராஜும் ஓடினான். சின்னம்மா இரண்டு கையிலும் குடத்தோடு வாசலைத் தாண்டினாள்.

"பேரு எங்கயும் ஓடிராது. தண்ணி ஓடிரும்."

காலி நாற்காலிகளைப் பார்த்து ஆவுடையப்பன், "விசாலாட்சி" என்றார். அவருடைய அம்மாவின் பெயர். ஊருக்காகச் சேர்த்து வைத்திருந்த குரல் வரவில்லை. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூன்றாம் முறை அழுதுகொண்டேதான் சொன்னார்.

"எல்லாரும் கேட்டாங்களாப்பா?"

"கேட்டாங்கம்மா. இங்கதான் இருக்காங்க எல்லாரும்."

வெளியே குடத்தோடு குடம் முட்டியது. சின்னம்மா யாரையோ வைதுகொண்டிருந்தாள். அது போனில் சௌமியாவுக்கும் கேட்டது.

"தண்ணி வந்திருக்காப்பா?"

"ஆமாம்மா."

"போய்ப் பிடிங்க. நின்னுறப் போகுது. நான் லைன்லயே இருக்கேன்."