மெழுகுவத்திக்கு ஒரு காவல்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காரணம் ஒரு மெழுகுவத்தி.

அப்போது நான் நர்சிங் முதல் வருடம். தினமும் இருட்டுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வரும். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் நாலு சொட்டு மெழுகை உருக்கிவிட்டு, அதன்மேல் மெழுகுவத்தியை நிறுத்தி, குப்புறப் படுத்து எலும்புகளின் பெயர்களை உருப்போடுவேன். பக்கத்திலேயே ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு அது பெரிதாகப் பட்டதே இல்லை.

வந்த வாரமே அண்ணி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நேராக வந்து ஊதி அணைத்துவிட்டாள்.

"படிச்சிட்டிருக்கேன் அண்ணி."

"படி, யாரு வேணாம்னா? கட்டில்ல வச்சுப் படிக்காத."

வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றில் மணலைப் போட்டு, மெழுகுவத்தியை அதில் ஊன்றினாள். கத்தரிக்கோலால் திரியைக் கொஞ்சம் நறுக்கினாள். ஜன்னலை விட்டுத் தள்ளி, மேஜை நடுவில் வைத்துப் பற்றவைத்தாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். பிறகு எதிர் நாற்காலியில் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எதுக்கு?"

"எரியுற இடத்துல முழிச்சிருக்க ஒரு ஆள் வேணும். புத்தகத்தைத் திறந்தா நீ தூங்கிடுவேன்னு உங்கண்ணன் சொன்னாரு."

அம்மாவிடம் போய் முறையிட்டேன். "உங்க ரெண்டு பேர் நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று அம்மா கழன்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அண்ணி காவல்தான். சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், கிழிசலுக்கு ஒட்டுப்போடுவாள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஒருநாள் அவளாகவே சொன்னாள். சின்ன வயதில் அவள் வீட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள் என்று, எரிகிற மெழுகுவத்தியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தால் திரையும் துணி அலமாரியும் எரிகின்றன.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சுவருக்கு வெள்ளையடிச்சாச்சு. ஆனா எங்கப்பா அதுக்கப்புறம் நிம்மதியா தூங்கினதில்ல. எழுந்து எழுந்து அடுப்பைப் பார்த்துட்டு வருவாரு."

அன்றிலிருந்து நானும் பேச ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் நடக்கிற நடையை நடந்து காட்டுவேன். அண்ணி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டால் இருவருக்கும் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

ஒரு சாயங்காலம் ஊசியில் நூல் கோக்க அவள் வெளிச்சத்துக்குக் குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து நழுவி ஜாடிக்குள் விழுந்தது. சரசரவென்று சத்தம், குப்பென்று கருகல் வாடை. நான் செம்பைத் தூக்கி அப்படியே அவள் தலையில் கவிழ்த்தேன். மெழுகுவத்தியும் அணைந்துபோய் அறை இருண்டது.

"நான் முழிச்சுதான் இருந்தேன்" என்றது அண்ணியின் குரல், சொட்டச் சொட்ட.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. கூடத்திலிருந்து அண்ணன், "என்ன கருகுது?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க. இது எங்க விவகாரம்."

மறுநாள் காலை, கருகிய பின்னலை நான்தான் வெட்டினேன். கோணலாகப் போய்விட்டது, அதைச் சரிசெய்யப் போய்த் தோள்வரை ஏறிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணியோ கண்ணாடியைப் பார்த்து, "கழுத்து லேசா இருக்கு" என்றாள். பிறகு அவள் முடி வளர்க்கவே இல்லை.

இரண்டாம் வருடம் விடுதிக்குப் போனேன். அங்கேயும் கரண்ட் போகும். அறை அறையாகப் போய், திரைக்கருகில் இருந்த மெழுகுவத்திகளைத் தள்ளி வைத்தேன். எனக்குத் 'தீயணைப்பு' என்று பேர் வைத்தார்கள். என் அறைக்குத் திரும்பி வந்தால் எதிர் நாற்காலி காலியாக இருக்கும். அந்த வருத்தத்தை யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தாள்.

"தூங்கறதுக்கு முன்னாடி அணைக்கிறியா?"

"அணைக்கிறேன்."

"கூட யாரு உட்கார்றா?"

"யாருமில்ல அண்ணி."

"சரி, வர்றேன்" என்றாள்.

வந்தாள். ஒற்றைக் கட்டிலில் ஒட்டிப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் கரண்ட் போகவே இல்லை. எங்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.