மேட்டுவீட்டில் கல்லறைத் திருநாள்

நான் மாற்றலாகி வந்த செம்மண்விளையில், ஞாயிறு பூசையில் விவிலியத்திலிருந்து எது வாசிக்கப்படுகிறதோ அது அன்றே ஊரில் நடந்துவிடும். அதன் வலு அடுத்த ஞாயிறு மணி அடிக்கும் வரை இருக்கும். வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று என்பதால் ஊரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. இரண்டாம் ஆண்டில் அப்பம் பெருகும் ஞாயிறுக்கு முந்தின நாள் பேக்கரிக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று மேடுகள் தாழும், பள்ளங்கள் நிரம்பும். ஊர் ஓரத்துச் செம்மண் மேட்டில் இருக்கிற என் வீட்டுக்கு அந்த ஒரு வாரம் மட்டும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகலாம். பூசையில் இரண்டாவதாக வாசிக்கிற பவுலின் திருமுகங்களில் பெரும்பாலும் அறிவுரைதான். அதனால் இரண்டாம் வாசகத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

என் பெயர் அருளப்பன். மின்வாரியத்தில் வேலை. கட்டணம் கட்டாத வீடுகளில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவன் நான்தான். உயரம் நாலடி பத்து அங்குலம். எங்கே போனாலும் ஒரு ஸ்டூலும் கூடவே வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாம் ஆண்டின் முப்பத்தொன்றாம் ஞாயிறு எனக்கென்றே வைக்கப்பட்டது என்று யாரும் சொல்வார்கள். அன்றைய வாசகத்தில், ஊரார் ஒதுக்கிவைத்த குள்ளமான வரி வசூலிப்பவர் காட்டத்தி மரத்தில் ஏறுவார். வழியில் வருகிறவர் நிமிர்ந்து பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன் என்பார். போன சுற்றில் அது ரேஷன் கடைக்காரர் சிலுவைமுத்துவுக்கு வாய்த்தது. அவர் குள்ளமே இல்லை, ஆனால் அப்போது ஊரில் வேறு ஆள் இல்லை. மரத்தடியில் நின்று அழைத்தவர் அந்த வழியாக வந்த கால்நடை மருத்துவர். அன்றிலிருந்து சிலுவைமுத்து வீட்டில் விசேஷம் என்றால் மூன்று பந்தி நடக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வந்த புதிதில் என் மனைவி பிரகாசி கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டு வீடு வீடாகக் கொடுத்தாள். தட்டுகள் கழுவித் திரும்பி வந்தன. ஆட்கள் வரவில்லை. இரண்டு பேருக்கு அளவாகச் சமைக்க அவளுக்குக் கை வராது, தினமும் மிஞ்சும். எனக்கு அது அவமானமாக இருந்தது. அவளுக்கு அது துக்கமாகவே இருந்தது.

ஆகவே நான் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் காட்டத்தியில் ஏறிப் பழகினேன். மின்கம்பம் ஏறுகிறவனுக்கு மரம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கக் கூடாது. கம்பத்தில் கிளை கிடையாது. பிரகாசி ஐம்பது பேருக்குப் பொங்கும் அண்டா ஒன்று வாங்கினாள். மூன்றாம் ஆண்டுக்கான பங்குக் காலண்டர் டிசம்பர் தொடக்கத்தில் கைக்கு வந்ததும் மாதங்களைத் தள்ளிவிட்டு நேரே அடுத்த நவம்பருக்குப் போனேன். முப்பத்தொன்றாம் ஞாயிறைக் காணோம். அந்த ஞாயிறு நவம்பர் இரண்டாம் தேதி விழுந்திருந்தது. கட்டம் ஊதா நிறத்தில் இருந்தது. கல்லறைத் திருநாள்.

“அப்ப இன்னும் மூணு வருசமா?” என்று பிரகாசி கேட்டாள்.

“அதுக்குள்ள எனக்கு மாத்தல் வந்துரும்.”

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

சாமியார் பெயர் இருதயம். அவர் வாசக நூலின் நாடாக்களை நீவிக்கொண்டிருந்தார். “கல்லறைத் திருநாள் ஞாயித்துக்கெழமையில வந்தா ஞாயிறுதான் ஒதுங்கணும் அருளப்பன். காலண்டர நானா போடுதேன்?” என்றார்.

“சாயங்காலப் பூசையிலயாவது அந்த வாசகத்த வைக்கலாமே சாமி.”

“அன்னைக்கு எல்லாப் பூசையும் கல்லறைப் பூசைதான்.” என் முகத்தைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. “ஒண்ணு செய்யலாம். அன்னைக்கு மட்டும் இன்ன வாசகம்தான்னு கட்டாயம் இல்ல. நெறையக் குடுத்திருக்கு, நான் தெரிஞ்செடுக்கலாம்” என்று பக்கங்களைத் திருப்பினார். “யோபு வேண்டாம். முந்தி ஒரு தடவ இதேமாதிரி ஞாயித்துக்கெழமையில வந்தப்ப யோபுவ எடுத்து ஊர் பூரா தோல் உரிஞ்சுது.” இன்னும் இரண்டு பக்கம் திருப்பி நிறுத்தினார். “எசாயா. மலை மேல எல்லா மக்களுக்கும் விருந்து. ஆனா நம்மூர்ல மலைக்கு எங்க போறது?”

“என் வீடு மேட்டுல இருக்கு சாமி. பன்னெண்டு அடி.”

சாமியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “தண்ணித் தொட்டி அதவிட உயரமாச்சே.”

“அது மலை இல்லையே.”

“அத நாம சொல்லக் கூடாது, வாசகம் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, சிவப்பு நாடாவை அந்தப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வாரமே திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு வந்து எங்கள் மேடு வழக்கம்போல் தரையோடு தரையானது. அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறு ஞாயிறு மணி அடித்ததும் மேடு எழுந்தது. டேப்பை வைத்து அளந்தேன். பன்னிரண்டு அடி, ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் இரண்டாம் தேதி விடிவதற்கு முன்பே பிரகாசி அடுப்பு மூட்டிவிட்டாள். விருந்தை வாசகமே சமைத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். “நம்ம வீட்டு விருந்துக்கு நான் சமைக்காண்டாமா?” என்று அண்டாவை நிமிர்த்தினாள். நான் மட்டும் பூசைக்குப் போனேன். லூசியா டீச்சர் முதல் வாசகத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். விருந்து என்ற இடத்தில் கோயில் முழுக்கக் கறி மணம் வந்தது. பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறந்தவர்கள் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்து, அவரவர் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்கள். எல்லா மக்களும் என்றால் அவர்களும்தானே.

கூட்டம் நேரே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தது. நான் பின்னாலேயே போனேன். வாசகத்துக்கு வழிகாட்டக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு உண்டு. தொட்டியடியில் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு படி, செங்குத்தான இரும்பு ஏணி. முன்வரிசையில் நின்ற கொத்தனார் மரியதாஸ் ஒரு படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். அவர் செத்து ஒன்றரை வருடமாகிறது. சாவதற்கு முந்தின வாரம்தான் அவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியிருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, எங்கள் மேட்டைக் கண்டு, அந்தப் பக்கம் திரும்பி நடந்தார். ஊரே அவர் பின்னால் திரும்பியது. நான் குறுக்கு வழியில் விழுந்தடித்து ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் வீட்டுக்கு ஒருநாளும் ஓடியதில்லை.

செம்மண்ணில் பாய் விரித்து இலை போட்டோம். வாசகத்தின் கறி சட்டி சட்டியாக வந்து இறங்கியது. ஆனால் முதல் பந்தியில் தீர்ந்தது பிரகாசி வைத்த குழம்புதான். சிலுவைமுத்து ரசத்தை இரண்டு தரம் கையில் வாங்கிக் குடித்தார்.

“என்ன வே அருளப்பன், அந்த ஸ்டூலை இங்க தாரும். காலு மடங்க மாட்டேங்கு” என்றார் மரியதாஸ்.

ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். பிரகாசி அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“வையி தாயி, சாப்புட்டு ஒண்ணரை வருசமாச்சு.”

மத்தியானம் எல்லோரும் பனைமர நிழலில் வெற்றிலை போட்டபடி சாய்ந்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. ஞாயிறு வரை விருந்து உண்டு. எங்கள் வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. பிரகாசி படியில் உட்கார்ந்து அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணியது, அழுகை முட்டியது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் அரைப்படி சின்ன வெங்காயம் உரித்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீர் துடைக்கப்படும் என்பதும் அதே வாசகத்தில்தான் இருக்கிறது.

“இத்தன நாளா இதுக்குன்னே சேத்து வச்சிருந்தேன்” என்றாள்.

மறுநாள் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்துப் பங்கில் வாசகங்களை வாசிப்பதோடு சரி, எதுவும் நடப்பதில்லை; அங்கே கண்ணீர் வரும். பஸ்ஸில் உட்கார இடமில்லை. இறந்தவர்கள் திரும்பி வந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஏறியிருந்தார்கள். மரியதாஸின் மனைவி பிரகாசிக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“அழுகதுக்கா?” என்று நடத்துநர் கேட்டார். ஆமாம் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். கால் மணி நேரம் எல்லோரும் நன்றாக அழுதோம். பிரகாசிதான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள். வீட்டில் முதல் பந்திக்கு நேரமாகியிருந்தது.