உடைந்ததெல்லாம் வீட்டுக்கு

நாய்கள் கொறிப்பதற்கென்று கோழிக்கறியைப் பட்டையாக அறுத்து, காயவைத்து, பாக்கெட் போடும் கம்பெனி எங்களுடையது. எனக்கு உலர்த்தும் அறையில் வேலை. எங்கள் சுத்தத்தைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தலைக்கு உறை, கைக்கு உறை, வாய்க்கு உறை. என் சொந்தச் சமையலறையில்கூட நான் இவ்வளவு பார்ப்பதில்லை.

பாக்கெட்டுகள் உடனே கடைக்குப் போகாது. கிருமி இல்லை என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லும்வரை கிடங்கிலேயே கிடக்கும். தட்டில் உடைந்துபோன துண்டுகளை மட்டும் நாய் வைத்திருப்பவர்கள் அன்று சாயங்காலமே பங்கு போட்டு எடுத்துப்போவோம். என் பங்கு அக்காவின் நாய் குண்டனுக்கு.

ஒருநாள் காலை ஆய்வுக்கூடத்துப் பெண் வந்து, முந்தாநாள் சரக்கில் சால்மொனெல்லா கிருமி இருப்பதாகச் சொன்னாள். நல்லவேளை, ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை என்றார் மேலாளர். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். எனக்கு அந்த மூச்சு பாதியில் நின்றது. முந்தாநாள் என் பையில் போனது அதே சரக்குதானே? விற்காத சாமானுக்கு எதற்குச் சோதனை என்று இத்தனை காலம் இருந்துவிட்டோம். ஊர் நாய்களுக்கெல்லாம் அவ்வளவு காவல் வைத்தவர்கள், எங்கள் வீட்டு நாய்களை மறந்துபோனோம்.

எடுத்துப்போன எல்லோரும் வீட்டுக்குப் போன் போட்டார்கள். அக்கா எடுக்கவில்லை. மாமா இறந்துபோன பிறகு அவளைச் சாப்பிட வைத்தவன் குண்டன்தான். அவன் பட்டினி கிடப்பானே என்றுதான் அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்கு என் கையாலேயே விஷம் கொடுத்துவிட்டேன் என்று அக்கா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நினைத்து நினைத்துச் செத்தேன்.

குண்டன் கதவோரம் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தான். கூப்பிட்டேன், அசையவில்லை. மறுபடி கூப்பிட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, இவள்தானா என்பதுபோல் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் வா என்று அழுதேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அது பயந்த முகம் இல்லை, மாட்டிக்கொண்ட முகம்.

"அவன் அத திங்கவே இல்லடி."

"நல்லா தின்னான்னு நேத்து போன்ல சொன்னியே?"

"எப்பவும் அப்படித்தானே சொல்றேன்."

குப்பை வாளியைத் திறந்து காட்டினாள். நான் போட்ட முடிச்சுகூட அவிழாமல் பை அப்படியே கிடந்தது. கம்பெனியில் செய்த எதையும் அவனுக்கு அவள் கொடுப்பதே இல்லையாம். முட்டைதான் அவித்துப் போடுகிறாளாம். என் மனம் நோகுமே என்று சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொண்டு, நான் தெருமுனை தாண்டியதும் குப்பையில் போட்டிருக்கிறாள். அதுவும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

வேறொரு சமயமாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. குண்டன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக அவன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"கோவமாடி?" என்றாள் அக்கா.

"உன்மேல இல்லக்கா. இனிமேலும் நான் ஆசையா எது கொண்டுவந்தாலும், இப்படியே பொய் சொல்லு."