திக்காத வண்டி

போலீஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையிலிருந்து தம்பியின் ரிமோட் காரை அவள் வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, அதை அவனுக்கு விற்ற கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். கடைக்காரரின் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை. அவள் கையிலிருந்த காரின் மேலேயே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள வாங்க."

தையல் மெஷின் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். தம்பி அங்கேதான் காரை ஓட்டுவான். நேற்று அந்தக் கார், வண்டிகள் வெளியேறும் சரிவில் பாதியில் நின்றுவிட்டது. எடுக்கப் போய்க் குனிந்தவனைத் திருப்பத்தில் வந்த வேன் கவனிக்கவில்லை. பார்த்த ஒரே ஆள் வாட்ச்மேன். "பொம்மை வண்டி நின்ன இடத்துலயே உதறிக்கிட்டு இருந்துச்சும்மா. போகவும் இல்ல, வரவும் இல்ல" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அந்த 'உதறல்' அவள் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

"சென்சார் இல்லாத மோட்டாரை அவன் தலையில கட்டிட்டீங்க. அப்படித்தானே?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கா சொன்னா?"

"சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சுதான். சென்சார் இருக்கறதா, இல்லாததான்னு. உங்ககிட்ட எது விக்காம கிடந்துச்சோ அதைக் கொடுத்திருப்பீங்க."

"சென்சார் இல்லாதது போதும்னுதான் நானும் சொன்னேன்" என்றார் அவர். "ஒயர் ஒண்ணு குறைவு. தூசிக்குப் பயமில்ல. வேகம் பிடிச்சிட்டா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனா நின்னுட்டுக் கிளம்பறப்போ, உள்ள சுத்தற பாகம் எங்க இருக்குன்னு மோட்டாரை ஓட்டற கண்ட்ரோலருக்குத் தெரியாது. குத்துமதிப்பாத் தள்ளிப் பார்க்கும். அதான் உதறும். சென்சார் இருந்தா நின்ன இடத்துலயே தெரிஞ்சிடும், பூ மாதிரி எடுக்கும். தம்பி அதைத்தான் பிடிவாதமா வாங்கினாரு."

"எதுக்குப் பிடிவாதம்?"

கடைக்காரர் தயங்கினார். "'நான் திக்கறது போதாதா, வண்டியும் திக்கணுமா?'ன்னாரு. சொல்லி முடிக்கவே ரொம்ப நேரமாச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவளுக்குத் தெரியும். முதல் எழுத்துதான் அவனுக்கு எதிரி. அதைத் தாண்டிவிட்டால் சரளமாகப் பேசுவான். தையல் மெஷினிலும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். மிதித்ததும் வெட்டி இழுக்கிற மோட்டாரில் முதல் தையல் கோணலாகத்தான் விழும்.

"அப்போ ஏன் உதறிச்சு?"

காரைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கடைக்காரர் மெஷின் மேலிருந்த சின்ன ஸ்குரூடிரைவரை எடுக்கும்போது அவர் விரல்களையே கவனித்தாள். ஏதாவது மாற்றிவிடுவாரோ? அவர் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் ஒரு ஒயரை விரலால் தொட்டார்.

"என்ன?"

மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே போகும் மெல்லிய ஒயரின் முனை, சொருகும் இடத்தைவிட்டு வெளியே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இதான் சென்சார் ஒயர். இது இல்லன்னா சென்சார் இல்லாத மாதிரியே ஓடும். சமதரையில லேசா உதறிட்டுக் கிளம்பிடும். சரிவுல நின்னா எடுக்காது."

"தானா கழண்டிருக்குமா? அடிபட்டதுல?"

"வண்டியில ஒரு கீறல்கூட இல்லியேக்கா. நான் டேப் சுத்திக் கொடுத்தேன். இங்க பாருங்க." டேப்பின் ஓரம் நேராக வெட்டப்பட்டிருந்தது.

துணி வெட்டுகிறவளுக்குக் கத்தரி போட்ட ஓரத்தை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

இந்த வீட்டில் மூன்று பேர்தான். சனிக்கிழமை அவள் அளவெடுக்கப் போயிருந்தாள். திரும்பும்போது கணவர் இந்த அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகத்தில், நாலு பேர் நடுவில் மச்சானைப் போலத் திக்கிப் பேசிக் காட்டுவதற்கு முன்னால் வருகிற சிரிப்பு இருந்தது. ஆபீஸில் அவர் மிமிக்ரி மன்னன். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிப்பை எல்லோருக்கும் கடைசியில் நிறுத்துவான்.

அவள் காரை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். கணவர் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். அழுதழுது கண் வீங்கியிருந்தது. அதுவும் நிஜம்தான்.

"ஏங்க, தம்பி வண்டியில ஏதோ கோளாறு இருந்திருக்காம். கடைக்காரர் சொல்றாரு."

குழாயை மூடாமலே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஒயரைக் கழட்டினா ஆள் செத்துருவானா? வேன்காரன் கண்ணு தெரியாம வந்தான். அவனைக் கேளு!"

அவள் ஒயர் என்று சொல்லியிருக்கவில்லை.

அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். "சும்மா... ஒரு தடவை சிரிக்கலாம்னு..." அடுத்த வார்த்தை முதல் எழுத்திலேயே நின்றது. அவள் எட்டிக் குழாயை மூடினாள்.

"நேரமாச்சு, எடுக்கணும்" என்று கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள்.

தம்பியைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் தம்பியோடு வேலை பார்த்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார். அது அவர் இடம் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள்.

அவள் குறுக்கே வந்து நின்றாள். சுவரோரம் நின்றிருந்த கடைக்காரரைப் பார்த்தாள்.

"நீங்க பிடிங்க."

"அக்கா, நான் எப்படி..."

"பிடிங்க."

பெரியம்மா எதையோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றாள். கடைக்காரர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் எழுந்து, மெதுவாக வாசலைத் தாண்டியது.

கணவர் அங்கேயே நின்றார். அவருடைய கைகள் இரண்டும் இன்னும் பெட்டியின் உயரத்திலேயே இருந்தன.