தனக்கு முன்னால் வந்தவர்

புது ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிய முதல் நாளே நாச்சிமுத்து தனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டார். அதுதான் கோளாறு. மற்றபடி ஷூவில் ஒரு குறையும் இல்லை.

பொள்ளாச்சியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்து, அதை மகன் தலையில் கட்டிவிட்டு, அறுபதுக்கு மேல் ஓட ஆரம்பித்த மனிதர். கால் இரண்டும் முருங்கைக்காய். ஓடும்போது தொப்பை ஒரு தாளத்தில் போகும், ஆள் ஒரு தாளத்தில் போவார். எதிலும் அவசரம். கல்யாண வீட்டில் மோர் வருவதற்குள் இலையை மூடிவிடுவார். இந்த லட்சணத்துக்குப் பந்தய ஷூ.

தார் ரோட்டில் ஓடுவதற்கென்றே செய்தது என்றார் கடைக்காரர். தராசில் வைத்துக் காட்டினார். முள் அசையவில்லை. ஷூவை எடுத்தபோதுதான் லேசாக அசைந்தது. நாச்சிமுத்துவுக்குத் திருப்தி. கிளிப்பச்சை நிறம். இந்த வயதில் இந்த நிறம் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எல்லாம் மச்சினன் குழந்தைவேலுவால் வந்தது. நாச்சிமுத்துவின் மனைவி ரங்கநாயகிக்குத் தம்பி. கிழிந்த கேன்வாஸ் ஷூவில், வழியில் போகிறவர்களை எல்லாம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டே ஓடுவான். கடைசியில் பார்த்தால் முன்னால் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை அறுபது தாண்டியவர்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் பந்தயம். இந்தத் தடவையாவது அவன் முதுகைப் பார்க்காமல் ஓட வேண்டும். வேறு லட்சியம் இல்லை.

முதல் நாள் ஆனைமலை ரோட்டுப் புளியமரங்கள் வரை போய்த் திரும்பினார். கேட்டைத் திறந்தால் வாசலில் ஷூ கிடந்தது. குனிந்து பார்த்தார். தன் காலில் சாக்ஸ் மட்டும் இருந்தது. முன்னவர் ஷூவோடு வந்திருக்கிறார், பின்னவர் சாக்ஸோடு வந்திருக்கிறார். அப்படித்தானே பிரியும்.

உள்ளே தன் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். பனியன் காய்ந்திருந்தது. டம்ளரின் அடியில் நுரை மட்டும்.

"வந்துட்டீங்களா?" என்றாள் ரங்கநாயகி. "நீங்க வந்து ரொம்ப நேரமாச்சு."

"காபி?"

"குடிச்சுட்டீங்களே. அதோ டம்ளரு."

மதியம் சாப்பிட்டுவிட்டு முன்னவரும் பின்னவரும் படுத்தார்கள். எழுந்தபோது ஒருவர்தான். தூக்கத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. காபியின் ருசி மட்டும் நாக்கில் இருந்தது. காபியோடு பேசிய பேச்சு எதுவும் மிஞ்சவில்லை.

பேச்சு என்றால் ரங்கநாயகியின் பேச்சு. காலையில் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள். முந்தின நாள் நடந்தது, போனில் வந்தது, எதிர்வீட்டு மருமகள் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பாட்டம் சொல்லி முடிப்பாள். நாச்சிமுத்து "ம்" என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அதற்குச் செய்த கைங்கர்யம் அந்த "ம்" ஒன்றுதான். காபிக்காகத்தான் உட்காருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய ஷூவை எடுத்து மாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஞாயிறு வரை பொறுப்போம், ஒரு டம்ளர் காபிதானே என்று இருந்துவிட்டார். மறுநாளும் பின்னால் வந்தார். வாசலில் சாக்ஸில் ஒட்டிய கல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ரங்கநாயகி சிரிப்பது கேட்டது. அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளே போய், "என்ன சிரிப்பு?" என்றார்.

"இப்பத்தானுங்களே உங்ககிட்டச் சொன்னேன். வறுத்த கடலைய மறுக்கா வறுக்கறதா? அவருகிட்டக் கேட்டுக்கோங்க."

அவரிடம் கேட்டார். முன்னவர் புன்னகை செய்தார். பிறர் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதவர் முகம். அவருக்கு அவசரம் இல்லை. அவர்தான் வந்துவிட்டாரே. கால் மேல் கால் போட்டு, அவள் சொல்வதைக் கேட்டு, நடுநடுவே "அப்புறம்?" என்று வேறு கேட்டார். நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. தன்மேலேயே பொறாமைப்படுகிற அளவுக்கு ஒரு மனிதன் இறங்கக்கூடாது. இறங்கினார்.

குழந்தைவேலுவிடம் சொன்னார்.

"ஏனுங் மாமா, புதுசு வாங்குனீங்களே, எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனீங்களா?"

"ஏத்தல."

"அப்புறம் எப்படி அடங்கும்? சைக்கிளுக்கே வெக்கிறோம். இது பந்தய வண்டி."

நியாயமாகப் பட்டது. முச்சந்தி விநாயகர் கோயிலுக்குப் போனார்கள். வந்திருப்பது ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா என்று பூசாரி கேட்டார். ரெண்டு என்றார் நாச்சிமுத்து. காலணியோடு உள்ளே வரக்கூடாது, வண்டியை வெளியே நிறுத்துங்கள் என்றார் பூசாரி. ரோட்டில் நின்றார். ஷூ நுனியில் சந்தனம், குங்குமம். காலுக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் ஏறி மிதித்தார். சாறு தெறித்துக் குழந்தைவேலுவின் கண்ணில் பட்டது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

பூஜை பலித்துவிட்டது. அடக்கத்தான் போனார்கள். ஆனால் பிள்ளையாருக்குத் தெரிந்தது வண்டி நன்றாக ஓட வேண்டும் என்கிற வேண்டுதல் ஒன்றுதான். மறுநாள் நாச்சிமுத்து பல் தேய்க்கும்போதே முன்னவர் ஓடிவிட்டு வந்து நாற்காலியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஷூ சூடாக இருந்தது.

ஓடியாகிவிட்டது, இனி எதற்கு ஓடுவது என்று நாச்சிமுத்து திண்டில் சாய்ந்தார். நாற்காலியில் முன்னவர் மங்க ஆரம்பித்தார். பாதி காபி தொண்டையிலேயே நின்றது.

"பாவம்ங்க" என்றாள் ரங்கநாயகி. "நீங்க ஓடுனாத்தான அவரு வந்துருக்க முடியும்? குடிக்கிற மனுசன நடுவுல நிறுத்தலாமுங்களா? ஒரெட்டுப் போயி ஓடிட்டு வாங்க."

போனார். சாக்ஸோடு ஓடினார். தான் காபி குடிப்பதற்காகத் தான் காபி இல்லாமல் ஓடினார். வழியில் ஒரு நாய் துரத்தியது. முன்னவரை அது துரத்தியிருக்காது.

நாளுக்கு நாள் முன்னவர் இன்னும் முன்னால் போனார். வெள்ளிக்கிழமை அவர் கையில் சனிக்கிழமைப் பேப்பர் இருந்தது. ஞாயிறு காலை கழுத்தில் மெடல் இருந்தது. ரங்கநாயகி அதைத் தொட்டுப் பார்த்தாள். நாச்சிமுத்து சாக்ஸை மாட்டிக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பினார்.

ஆரம்பக் கோட்டில் மைக் பிடித்தவர் அவரைப் பார்த்து, "ஐயா, நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே. ஓடறதுன்னா ஓரமா ஓடுங்க" என்றார்.

"மாமா மொதலு. நான் ரெண்டாவது" என்றான் குழந்தைவேலு. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "இந்த வருசம் உங்களப் புடிக்க முடியாதுங் மாமா."

விசில் ஊதியதும் நாச்சிமுத்து கடைசி ஆளானார். குதிகாலில் சாக்ஸ் பிய்ந்தது. குழந்தைவேலு மட்டும் மனசு கேட்காமல் கூடவே வந்தான்.

"மாமா, மொகத்துல சந்தோசத்தையே காணம். தாத்தாவாகப் போறவரு இப்படியா இருக்கறது?"

"யாரு?"

"நீங்கதான். சின்னவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்குதுன்னு அக்கா சொல்லுச்சே. மாமன்கிட்டத்தான் மொதல்ல சொன்னேன்னு சொல்லுச்சு. நீங்க கண்ணத் தொடச்சுக்கிட்டீங்களாமா."

நாச்சிமுத்து நின்றார். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் சின்ன மகளுக்குக் குழந்தை இல்லை. பழனிக்கு நடந்திருக்கிறார்கள். டாக்டர்களைப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்து, அவள் வாயால் சொல்லி, தான் கண்ணைத் துடைத்தும் ஆகிவிட்டது. இவர் அப்போது நாயிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போ, மாப்ள" என்றார். குழந்தைவேலு போனான், இரண்டாவதாக வர வேண்டுமே. நாச்சிமுத்து மிச்ச தூரத்தையும் ஓடினார். விட்டுவிட்டுப் போனால் மெடல் போட்டவர் மங்கிவிடுவார். அவர் மங்கினால் கண்ணைத் துடைத்ததும் இல்லாமல் போய்விடும். நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டியபோது கோட்டையே அழித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது ரங்கநாயகி கையில் பையோடு வெளியே வந்தாள்.

"காபித்தூள் தீந்துபோச்சுங்க. அவரு ரெண்டாவது டம்ளரு கேக்கறாரு" என்றாள். வாசலில் எது கிடக்கிறதோ அதில் காலை விட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்றைக்குக் கிளிப்பச்சை ஷூ கிடந்தது. மாட்டிக்கொண்டு போனாள்.

நாச்சிமுத்து குழாயடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலைக் கழுவினார். ஒரு காலைக் கழுவுவதற்குள் அவள் திரும்பி வந்தாள். இவரைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். காபி மணம் வந்தது. நாற்காலி நகர்ந்தது. பேச்சு ஆரம்பித்தது. இவர் இன்னொரு காலைக் கழுவினார். பிறகு இரண்டு காலையும் மறுபடி கழுவினார்.

அப்போது தெருமுனையில் ரங்கநாயகி வந்தாள். வெறுங்கால். வெறுங்கை.

"ரோடு என்னமா சுடுது" என்றபடி கேட்டைத் திறந்தாள். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் மெடலோடு ஒருவர், எதிரில் ஒருத்தி. "நான் முன்னாடியே வந்துட்டனாட்ட இருக்குது. சரி, அவங்க குடிக்கட்டும். நீங்க நகருங்க."

கல்லில் இடம் விட்டார். உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவள் பேச்சை நிறுத்தாமல் இரண்டு டம்ளரை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். இவள் வாங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்க" என்றாள். "நம்ம சின்னவ போன் பண்ணியிருந்தா."

தெரியும் என்று வாய் வரை வந்துவிட்டது. மூடிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

அவள் சொன்னாள். முதலிலிருந்து, ஒன்று விடாமல், போனில் மகள் அழுதது, தான் அழுதது, மாப்பிள்ளை போனை வாங்கி அவரும் அழுதது வரை சொன்னாள். நாச்சிமுத்து ஈரத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் யாரோ தெருப்பிள்ளைகள் அந்த ஷூவை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை ஆட்டினார்.

உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பச்சைக் குழந்தை. நாற்காலியில் இருந்தவர் எழுந்து, பெருத்த குரலில், தாளம் தப்பித் தாலாட்ட ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து எழப் போனார்.

"நீங்க எங்க போறீங்க? நமக்கு ஐப்பசிலதானுங்க" என்று அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, காபியை ஆற்றிக் கொடுத்தாள் ரங்கநாயகி.