கறுப்பு ஒயர்

ஏரிப் போட்டில் ஒன்றுமே கெடவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய தலைவலி. பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சைத் தட்டினால் பின் சீட்டுக்கு அடியில் பம்பு உர்ரென்று ஓடி, உள்ளே தேங்கிய தண்ணீரை ஏரிக்குள் துப்பியது. காலை எட்டு மணியிலிருந்து டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடக்கிறேன். ஒயரில் குத்திய இடத்திலெல்லாம் கரண்ட் இருக்கிறது என்று விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஓரிடத்திலாவது எரியாமல் தொலையேன் என்று அதை வாய்விட்டே திட்டினேன். முப்பது வருட எலக்ட்ரீஷியன் வாழ்க்கையில் விளக்கு எரிந்ததற்காக நான் திட்டியது அன்றைக்குத்தான்.

கரையில் ஆரோக்கியதாஸ் அண்ணன் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடி எண்ணினார். ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக்குக் கீழே இருக்கிற இந்த எஸ்டேட் ஏரியில் பதினெட்டு வருடமாகப் போட்டு ஓட்டுகிறவர். காட்டேஜில் தங்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று, அவ்வளவுதான் வேலை. போட்டும் வயதான போட்டு, அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அதனால் கரையை விட்டுக் கிளம்பும்போதே பம்பு சுவிட்சைப் போட்டுவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடுஏரியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. எஞ்சின் விக்கி நின்றுவிட்டது. ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, நான்கு பேர். சின்னப் பெண்ணின் செருப்பு போட்டுக்குள்ளேயே மிதந்ததாம். பெடல் போட்டுகள் இரண்டை அனுப்பி இழுத்துவந்தார்கள். மேனேஜர் ஜீவானந்தம் வந்து பார்த்தபோது பம்பு சுவிட்ச் அணைந்திருந்தது. கரைக்கு வந்த பிறகு அணைத்தாரா, கிளம்பும்போது போடவே இல்லையா என்று ஆரோக்கியதாஸ் அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜீவானந்தம் கெட்டவர் இல்லை. போட்டில் கோளாறு என்றால் சரிசெய்து அண்ணனே ஓட்டட்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் ஏற்காட்டில் என் பட்டறைக்கே வந்துவிட்டார். ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்த நான் வெளியே வரும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஏதாச்சும் ஒண்ணு கெட்டிருக்கோணும் பழனி. நல்லாப் பாரு. போட்டுல ஒண்ணும் கெடலீன்னா, அப்பறம் கெட்டது நாந்தான்."

"அட, என்னங்கண்ணா பேசறீங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் எனக்கும் தெரியும். அவர் மனைவி அமலி அக்கா சந்தையில் பார்த்தபோது சொல்லியிருந்தார். இதற்கெல்லாம் முன்பே, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் இரண்டு தடவை சர்ச்சுப் பூசைக்குப் போனாராம். முதல் பூசை பார்த்துவிட்டு வந்து, இட்லி தின்று, மறுபடி சட்டை மாற்றிக்கொண்டு, நேரமாகிவிட்டது கிளம்பு என்று அக்காவை அவசரப்படுத்தினாராம். "பயமா இருக்குது தம்பி. சேலத்துல டாக்டரப் பாக்கலாம்னா, நா என்ன பைத்தியமான்னு கத்தறாரு" என்றார். அன்றிலிருந்து மனிதர் எதையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொள்கிறார். எனக்குக் காட்டாமல் கையை மூடிக்கொள்வார். நானும் பார்க்காதமாதிரி இருந்துவிடுவேன்.

பதினொரு மணிக்குப் பனி மேலே ஏறி, அக்கரைச் சில்வர் ஓக் மரங்கள் தெரிய ஆரம்பித்தன. அமலி அக்கா தூக்குப்போசியில் டீ கொண்டுவந்தார். அண்ணன் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போட்டுக்குள் இறங்கி, பின் சீட்டில் உட்கார்ந்தார்.

பம்பு நின்றுவிட்டது.

நான் சுவிட்சைப் பார்த்தேன். போட்டபடிதான் இருந்தது. லேம்ப்பை வைத்தேன், எரிந்தது.

"அண்ணா, எந்திரிங்க."

எழுந்தார். பம்பு ஓடியது.

"உக்காருங்க."

நின்றது.

சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். அப்போதுதான் அந்தக் கறுப்பு ஒயரைப் பார்த்தேன். அது நான் போட்ட ஒயர்.

மார்ச் மாதம் புதுப் பம்பு மாட்டியது நான். நான் ஜீப்பில் வளர்ந்தவன். ஜீப்பின் உடம்பே இரும்பு. சிவப்பு ஒயரை மட்டும் ஒழுங்காக இழுத்தால் போதும், கறுப்பை எந்தப் போல்ட்டில் முறுக்கினாலும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிவிடும். பாடி எர்த்து என்போம். இந்தப் போட்டோ முழுக்க ஃபைபர். இதில் கறுப்பையும் பேட்டரிவரை இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நான் சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு திருகைப் போட்டு முடித்துவிட்டேன். அந்தச் சட்டம் எஞ்சின் பக்கம் ஒரே ஒரு போல்ட்டில் தொட்டுக்கொண்டிருந்ததால் பம்பு இதுவரை ஓடியிருக்கிறது. போல்ட் துருப்பிடித்துவிட்டது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் சட்டம் விலகுகிறது. நான் பாட்டுக்கு லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே மாட்டிக்கொண்டு சிவப்பு ஒயரை மட்டும் குத்திக்கொண்டிருந்தேன். எரியாமல் என்ன செய்யும்? மடையன் நான்.

அந்தச் சின்னப் பெண்ணும் இதே பின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

துரு என்று சொல்லி முடித்துவிடலாம். இந்த எஸ்டேட்டில் ஆறு ஜீப்பு, எல்லா வேலையும் என் கையில்; உண்மையைச் சொன்னால் போய்விடும். ஆனால் மேலே அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

"கெடச்சிருச்சுங்கண்ணா. ஒயர் தப்பு. நா போட்ட ஒயரு. எம்மேலதான் தப்பு."

"எனக்காகச் சொல்றியா?"

"எங்கொழந்த மேல சத்தியமா."

அவர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். கரையைப் பார்த்து, "அமலீ, ஒயராமா! பழனி போட்ட ஒயராமா!" என்று கத்தினார். என் தப்பை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகக் கூவி நான் கேட்டதே இல்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

கறுப்பு ஒயரைப் பேட்டரிவரை இழுத்துக் கட்டிவிட்டு மேனேஜரிடம் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். வேலையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும் என்றுதான் போனேன். ஜீவானந்தம் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. ஒயர் தப்பு. ஆனா சுவிட்ச் ஆஃப்ல தானுங்களே இருந்துச்சு?"

"கரைக்கு வந்து ஆஃப் பண்ணியிருப்பாருங்க."

"பண்ணினாரா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டாரா இல்லையா என்பதை எந்த டெஸ்ட் லேம்ப்பும் சொல்லாது.

"நாலு உசுருங்க பழனிசாமி. இன்னிக்கிக் காலைல சாவியக் கையில வெச்சுக்கிட்டே எங்கிட்ட வந்து சாவி கேட்டாரு. நொம்பச் சங்கடமா இருக்குது. திங்கக்கெழம வேற ஆள் வராங்க. நானே வந்து சொல்றனுங்க, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

கெஞ்சிப் பார்த்தேன். போட்டில் அவர்கூட இன்னொரு ஆளை உட்காரவைக்கலாம் என்றேன். நானே ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

திரும்பி ஏரிக்கு இறங்கும்போது என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பின் சீட்டில் சட்டமாக உட்கார்ந்து, மீதித் தண்ணீரைக் கையாலேயே அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்தும் பம்பு நிற்கவில்லை என்பதை எனக்குச் சைகையில் காட்டினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டனுங்கண்ணா."

"என்னன்னாரு?"

"நானே வந்து பேசறேன்னாருங்க."

"நல்ல மனுசன்" என்றார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்துக் கை நீட்டினார். "அந்தப் பேனாவக் குடு. காலைல எந்திரிச்சா எனக்கு இது நெனப்புல இருக்கோணும்."

இந்தத் தடவை அவர் கையை மறைக்கவில்லை. எனக்குத் தெரியும்படியே உள்ளங்கையை விரித்து, முழங்காலில் வைத்துக்கொண்டு, நிதானமாக எழுதினார். 'ஒயர் தப்பு. நான் சுவிட்ச் போட்டேன்.'

"தெளிவாத் தெரியுதா பாரு, பழனி."

கை முழுக்க ஏரித் தண்ணீர். 'போட்டேன்' என்று அவர் முடிப்பதற்குள், முதலில் எழுதிய 'ஒயர்' நீலமாகக் கரைந்து மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.